கவனக்குறைவு

விடைத்தாள் கொடுக்கும் நாளில் நம் வகுப்பில் வீசிய வாசனை உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. மழையில் நனைந்து உடம்புச் சூட்டிலேயே காய்ந்த யூனிஃபார்ம், எண்ணெய் வைத்த தலைகள், சாக்பீஸ் தூள், இவற்றோடு வெளியே ஓடும் மண் லாரிகள் கிளப்பிவிட்ட புழுதி. நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. கண்ணாடி போடாமல் உங்கள் மெசேஜைக்கூடப் படிக்க முடியவில்லை. ஆனாலும் ஈரத்துணியும் சாக்பீஸும் எங்காவது சேர்ந்து வீசினால், இன்றும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பேப்பருக்குக் காத்திருப்பது போலத்தான் இருக்கிறது.

போன வாரம் நம் குரூப்பில் ஒருத்தி தன் மகளின் டெஸ்ட் பேப்பரைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். மேலே வட்டத்துக்குள் ஒரு மார்க், உள்ளே பக்கமெல்லாம் சிவப்பு. “இவளை என்னதான்டி செய்யறது?” என்று கேட்டிருந்தாள். நீங்கள் ஆளுக்கொரு டியூஷன் சென்டரின் பெயரைச் சொன்னீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. ஆரம்பித்தால் நீளும் என்று தெரியும். அதனால் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாம் ஒன்பதாவது படித்த வருடம், காலாண்டுப் பரீட்சை முடிந்த மழைக்காலம்.

அதற்கு முன்பிருந்த கணக்கு சார் பேப்பர் கொடுத்த விதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதிக மார்க்கில் ஆரம்பித்து இறங்கிக்கொண்டே வருவார். பாதிக் கட்டு தாண்டியதும் மிச்சமிருப்பவர்களுக்குக் காது அடைக்கும். முப்பத்தைந்துக்குக் கீழே போய்விட்டால் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். மொத்தமாகத் தரையில் போட்டுவிடுவார். நாம் குனிந்து நம்முடையதைத் தேடி எடுக்க வேண்டும். பேப்பரைக் கட்டியிருந்த டேக் நூல் ஞாபகம் இருக்கிறதா, இரண்டு முனையிலும் தகர மூக்கு வைத்தது? அதை உருவிக்கொண்டு பேப்பரை விட்டுவிடுவோம். நாலைந்து நூலைச் சேர்த்துப் பின்னி நான் கையில் கட்டியிருந்தேன். பேப்பர்கள் பள்ளிக்குப் பின்னாலிருந்த குட்டையில் கப்பலாகப் போயின. மார்க்கைப் பார்ப்போம், மடிப்போம், அத்தோடு சரி. உள்ளே எங்கே தப்புப் பண்ணினோம் என்று இன்னொரு தடவை பிரித்துப் பார்த்தவர் நம்மில் ஒருவரும் இல்லை.

எங்கள் வீட்டில் மட்டும் பேப்பர் கப்பலாக முடியாது. அப்பா கேட்பார்.

எங்கள் நிலம் கம்பெனிக்குப் போன பிறகு அப்பா வேறொரு கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்திருந்தார். நீலச் சட்டை, தோளில் விசில் கயிறு. நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு நிரந்தர வேலை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பத்தாவது பாஸாகி ஐடிஐ முடித்திருக்க வேண்டும். அந்த ஒருவன் அண்ணன்தான் என்று அப்பா முடிவு செய்திருந்தார். ஆனால் அண்ணன் பத்தாவதில் கணக்கில் போனான். மறுபடி எழுதினான், மறுபடியும் கணக்கில் போனான். மற்ற பாடமெல்லாம் பாஸ். அண்ணனுக்கும் அதே கணக்கு சார்தான். அவனுடைய ஒவ்வொரு பேப்பரிலும் சார் சிவப்பு மையில் ஒரே ஒரு வார்த்தை எழுதுவார்: கவனக்குறைவு. அப்பாவுக்குக் கணக்கு தெரியாது. ஆனால் அந்த வார்த்தையைப் படிக்கத் தெரியும்.

“கவனம் எங்க கீது உனுக்கு? எவ வூட்டு வாசல்ல கீது?” என்று கேட்டுக்கொண்டே அடிப்பார். பழைய சைக்கிள் டியூப்பால் கெண்டைக்காலில். அம்மா சமையல்கட்டை விட்டு வெளியே வர மாட்டாள். வந்தால் இன்னும் இரண்டு அடி கூட விழும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மழைக்காலத்தில் அண்ணன் ஒரு சின்னக் கம்பெனியில் ஹெல்ப்பராகப் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். மார்ச்சில் மூன்றாவது தடவை எழுத அப்பா சம்மதித்திருந்தார். அதுதான் கடைசி. இதற்கிடையில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் அண்ணன்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து, மேல் கழுவிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தருவான். பரீட்சையில் ஃபெயிலானவனிடம் பாடம் கேட்கிறோமே என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவன் எவ்வளவு நிதானமாக எழுதுவான் என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

சார் மாற்றலாகிப் போனார். வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு டீச்சரைத் தற்காலிகமாகப் போட்டார்கள். மெலிந்த உடம்பு, பேசும்போது குரல் உள்ளுக்குள் போய்விடும். முதல் வாரம் நாம் அவரைப் படுத்திய பாட்டை விடுங்கள். காலாண்டுப் பேப்பரைத் திருத்திக் கொண்டுவந்த அன்று அவர் வரிசைப்படி எதையும் படிக்கவில்லை. ஒவ்வொரு பெஞ்சாக வந்து அவரவர் பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். திருப்பினோம். மார்க் இல்லை. சிவப்பு மை இல்லை. ஓரத்தில் அங்கங்கே பென்சில் புள்ளிகள் மட்டும்.

“டீச்சர், மார்க் போட மறந்துட்டீங்க.”

“மறக்கல. மார்க் எங்கிட்ட இருக்கு. புள்ளி வெச்ச எடத்துல என்ன தப்புன்னு பாத்து, பக்கத்துலயே எழுதிட்டு வாங்க. திங்கக்கிழமை மார்க் சொல்றேன்.”

“தெரியலன்னா டீச்சர்?”

“தெரியலன்னு எழுது. எனக்கு அதுவும் தெரியணும்.”

வகுப்பே குசுகுசுவென்று பேசத் தொடங்கியது. நான் என் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறையப் புள்ளிகள். முதல் புள்ளிக்கு எதிரே இருந்த வரியைப் படித்தேன், சரியாகத்தான் இருந்தது. அடுத்ததைப் படித்தேன், அதுவும் சரி. எல்லாமே எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். ஒரு புள்ளிக்கு எதிரே ஏதோ எழுதி, அழித்து, திரும்ப எழுதி, திரும்ப அழித்தேன். தாள் கறுத்துத் தேய்ந்துபோனது.

டீச்சர் நல்லதைத்தான் நினைத்தார். ஆனால் மார்க் இல்லாத பேப்பர் நம் வீடுகளுக்குள் போனால் என்னவாகும் என்று அவருக்குத் தெரியவில்லை. என் பக்கத்து பெஞ்சுக்காரி மார்க்கை மறைக்கிறாள் என்று அவள் அம்மா நினைத்து, சனிக்கிழமை முழுக்க அவளைச் சாப்பிட விடவில்லை. கடைசி பெஞ்சில் இருந்தவன் (இப்போது இந்தக் குரூப்பின் அட்மின், சிரிக்காதே) கடையில் சிவப்புப் பேனா வாங்கித் தானே எண்பத்திரண்டு என்று போட்டுக்கொண்டான். அவன் அப்பா கூட்டு ரோட்டில் டீக்கடை வைத்திருந்தார். எண்பத்திரண்டு அன்று சாயங்காலமே கடைக்கு வந்தவர்கள் எல்லோருடைய காதிலும் விழுந்தது. ஷிஃப்ட் முடிந்து டீ குடிக்கப் போன என் அப்பாவின் காதிலும்.

“அவன் புள்ளைக்கு எம்பத்திரண்டாம். உன் பேப்பர எட்றி.”

எடுத்துக் கொடுத்தேன். அப்பா முன்னும் பின்னும் திருப்பினார். அழித்த இடத்தை விரலால் தடவினார்.

“மார்க்க அழிச்சிகீற.”

“இல்லப்பா, டீச்சர் போடவே இல்ல.”

“அவனுக்குப் போட்டுகீறாங்க, உனுக்குப் போடலியா? இந்த வூட்ல ஒருத்தன் என் மானத்த வாங்கனது பத்தாதா?” அடிக்கக் கை ஓங்கியவர் ஏனோ இறக்கிக்கொண்டார். “திங்கக்கெயம நானே வரேன். ஃபெயிலுன்னு தெரிஞ்சிது, பைய அங்கியே வெச்சுட்டு மறைமலை நகர் போய்டு. உங்க அத்த கொயந்தையப் பாத்துக்க ஆள் தேடிக்கினுகீறா.”

அது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா என் பாவாடைகளைத் துவைத்து மடித்து வைத்தாள்.

திங்கட்கிழமை கணக்குப் பீரியடில் அப்பா வந்தார். கேட்டிலிருந்து நேராக வந்த நீலச் சட்டை, விசில் கயிறு. வகுப்பு வாசலில் நின்று, “டீச்சர், கொஞ்சம் வெளிய வாங்க” என்றார். நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். டீச்சர் என்னையும் பேப்பரோடு வரச்சொன்னார். தலைமையாசிரியர் ஏற்கெனவே வராந்தாவில் நின்றிருந்தார். எண்பத்திரண்டு விஷயம் அவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

“என்னம்மா இது, ஊரெல்லாம் பேச்சா இருக்கு. மார்க்கப் போட்டுக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான?” என்றார் தலைமையாசிரியர்.

“மார்க் போட்டா அத மட்டும்தான் பாப்பாங்க சார்.” டீச்சரின் குரல் வழக்கம்போல உள்ளுக்குள் போனது.

“பாக்கத்தான டீச்சர் போட்றது?” என்றார் அப்பா. “எவ்ளோன்னு சொல்லுங்க. நான் போறேன்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மார்க் லிஸ்டைப் பார்த்தார்.

“இருபத்தெட்டு.”

அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. காதுக்குள் ஊய் என்றது.

“அடிக்காதீங்க!” டீச்சர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று நாம் யாரும் நினைத்திருக்க மாட்டோம். “மொதல்ல இதப் பாருங்க. அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க.”

“இன்னா பாக்கறது? எத்தினி புள்ளி வெச்சிகீறீங்க நீங்களே. இத்தினி தப்பு.”

“இத்தன தப்பு இல்லீங்க. இவ பண்ணது ஒரே தப்பு. அதயேதான் இத்தன எடத்துலயும் பண்ணியிருக்கா.”

அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். “ஒரே தப்புன்னா ஒரு தபா மார்க்கு கொறைக்கறதுதான? இன்னாத்துக்கு இத்தினி தபா கொறச்சீங்க?”

அந்தக் கேள்விக்கு இன்று வரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. டீச்சர் சாக்பீஸை எடுத்து வராந்தாத் தரையில் ஒரு கோடு போட்டார்.

“உங்க நெலத்துல கெணறு இருந்துச்சா?”

“இருந்துது. மூடிட்டாங்க.”

“இதுதான் தரைன்னு வெச்சுக்கோங்க. தரைக்குக் கீழ மூணடியில தண்ணி நிக்குது. அதுக்கப்புறம் இன்னும் நாலடி எறங்கிடுச்சு. இப்ப தண்ணி எங்க இருக்கும்?”

“ஏயடி கீய.”

“கணக்குல கீழன்னா மைனஸ், மேலன்னா பிளஸ். இவ ஏழடி மேலன்னு எழுதியிருக்கா.”

“தண்ணி எப்படி மேல வரும்?”

“வராது. மைனஸும் மைனஸும் சேந்தா பிளஸ்னு யாரோ இவளுக்குச் சொல்லியிருக்காங்க. பெருக்கும்போது அது சரி. இவ கூட்டும்போதும் அதையே போடறா. ஒரு எடத்துல கூட மாத்திப் போடல. இந்த ஒண்ணத் திருத்திட்டா எழுபதுக்கு மேல வருது, நான் போட்டுப் பாத்துட்டேன்.”

அப்பா தரையிலிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேப்பரை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “வா” என்றார் என்னிடம். பையை எடுத்துக்கொள்ளச் சொன்னாரா, விட்டுவிட்டு வரச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. எடுத்துக்கொண்டே போனேன்.

அப்பாவின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கம்பெனிச் சுவரை ஒட்டி வண்டி போனது. எங்கள் கிணறு இருந்த இடம் அந்தச் சுவருக்கு உள்ளே எங்கோ இருந்தது. அங்கே வந்ததும் அப்பா வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

“மைனஸ் மைனஸ் பிளஸ்ஸுன்னு யார்றி சொல்லிக் குடுத்தது?”

நான் கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“கேக்கறன்ல?”

“அண்ணன்.”

சொன்ன உடனே எனக்கு அழுகை வந்தது. அண்ணனை மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அப்பா வண்டியின் வேகத்தைக் கூட்டினார். மீதி வழியெல்லாம் எதிரே வந்த லாரிகளின் சத்தம் மட்டும்தான். அண்ணன் அன்று வரத் தாமதமாகட்டும் என்று நான் தெய்வங்களை வேண்டிக்கொண்டே வந்தேன்.

அவன் எங்களுக்கு முன்பே வந்திருந்தான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து, அட்டைப்பெட்டித் தூசியும் மிஷின் எண்ணெயும் நாற, கூடத்தில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அவன் எதிரே போய் நின்றார்.

“டேய். மைனஸ் மூணு, மைனஸ் நாலு. ரெண்டும் சேந்தா எவ்ளோ?”

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு, “பிளஸ் ஏழு” என்றான். தயங்கவே இல்லை. “மைனஸும் மைனஸும் பிளஸ்தானபா.”

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். அண்ணன் பழக்கத்தில் இரண்டு காலையும் மடக்கிக் கெண்டைக்காலைக் கைகளால் மூடிக்கொண்டான். அம்மா சமையல்கட்டு வாசல் வரை வந்துவிட்டாள்.

அப்பா அடிக்கவில்லை. அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“நம்ப கெணத்துல தண்ணி மூணடி கீய கீது. இன்னும் நாலடி எறங்கிடுச்சு. எங்க கீது இப்ப?”

“ஏழடி கீழ.”

“அப்ப ஏண்டா பிளஸ்ஸுன்னு சொன்ன?”

அப்பா என் பேப்பரைப் பிரித்து அவன் முன்னால் வைத்தார். அண்ணன் முதல் புள்ளியைப் பார்த்தான், அடுத்ததைப் பார்த்தான். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே வந்தான். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. கடைசிப் புள்ளிக்கு வந்ததும் பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரில் பின்தலையைச் சாய்த்துக்கொண்டான்.

“எல்லாப் பரீட்சையிலயும் இதத்தாம்பா போட்டேன்.” கூரையைப் பார்த்தே பேசினான். “எல்லாத்துலயும். ஒருத்தர் கூட இங்கதாண்டா தப்புன்னு காட்டல. கவனமில்ல கவனமில்லன்னு… நான் கவனமாத்தாம்பா போட்டேன். ரெண்டு தபா சரிபாத்துட்டுத்தாம்பா குடுத்தேன்.”

அவன் பெரிதாக அழவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “இப்ப சொல்றீங்க” என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டான். யாரைப் பார்த்துக் கத்தினான் என்று தெரியவில்லை. அப்பா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அம்மா வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் காலையில் சுவரில் ஆணியில் தொங்கிய சைக்கிள் டியூப் அங்கே இல்லை. யார் எடுத்தார்கள் என்று எங்கள் வீட்டில் இன்று வரை யாரும் பேசியதில்லை.

இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன். அண்ணன் கவனமில்லாதவன் இல்லை. சார் போகிற போக்கில் சொன்ன ஒரு விதியை, வருடக்கணக்காக, ஒரு கணக்கில்கூடத் தவறாமல் கடைப்பிடித்தவன். கவனக்குறைவு என்று எழுதிய சார்தான் அந்தப் பேப்பரை ஒரு நாளும் கவனித்துப் பார்க்கவில்லை. அவரையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தனை கட்டு, அத்தனை பிள்ளைகள். அப்பாவும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அத்தனை அடி அடித்தார்.

தலைமையாசிரியர் உத்தரவுப்படி டீச்சர் அதற்குப் பிறகு எல்லாப் பேப்பரிலும் சிவப்பில் மார்க் போட்டார். ஆனால் உங்களில் உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், ஓரத்தில் பென்சில் புள்ளிகளும் இருந்தன. அண்ணனை நான்தான் அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று நாள் வர மாட்டேன் என்று அடம் பிடித்து, நான்காம் நாள் வந்தான். பள்ளிக்குள் வரக் கூச்சம், அதனால் பஸ் ஸ்டாப்பில். வாலாஜாபாத் பஸ் வரும்வரை அவன் போட்ட கணக்குகளை டீச்சர் பார்ப்பார். லாரி போகும்போதெல்லாம் தாள் பறக்காமல் நான் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்வோம். சில நாள் பார்த்து முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். ஏறி உட்கார்ந்து புள்ளி வைத்து, ஜன்னல் வழியாக நீட்டுவார். பொங்கல் கழிந்ததும் நிரந்தர ஆசிரியர் வந்துவிட்டார். டீச்சருக்கு வேலை இல்லை. அண்ணன் இரண்டு நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டு வந்தான். பிறகு அவனே தன் கணக்குக்குப் புள்ளி வைக்க ஆரம்பித்தான்.

நிலம் கொடுத்தவர்களுக்கு என்று சொன்ன அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் ஐடிஐ முடிப்பதற்குள் டிப்ளமோ வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். வேறு கம்பெனியில் சேர்ந்து, இப்போது லைன் சூப்பர்வைசராக இருக்கிறான். அவனுக்குக் கீழே இருக்கும் பையன்களைத் திட்ட மாட்டான் என்று ஒரு பெயர் இருக்கிறது.

அண்ணன் மார்ச்சில் எழுதிய பரீட்சையின் ரிசல்ட் வந்த அன்று நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் ஒரே வண்டியில் போனோம். உள்ளே ஒரே கூட்டம், வியர்வை நாற்றம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் நம்பரைத் தட்டினான். ரிசல்ட் திரையில் வருவதற்குள் அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார், வலித்தது.

“பாஸ்ண்ணா” என்றான் பையன். “கணக்குல அறுபத்தொண்ணு.”

அப்பா அந்தப் பையனின் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஏதோ அவன்தான் மார்க் போட்டதைப் போல. அண்ணன் திரையை விட்டு நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள்.

“பா, அந்தப் பேப்பரத் திருப்பித் தர மாட்டாங்களா?”

“பாஸாய்ட்டியேடா. இன்னும் இன்னாத்துக்குப் பேப்பரு?”

“மிச்சம் முப்பத்தொம்பது எங்க போச்சுன்னு பாக்கணும்.”

அப்பா அவனையே பார்த்தார். பிறகு கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு, பையனின் பக்கம் குனிந்தார்.

“தம்பி, அந்தப் பேப்பர எங்க போய்க் கேக்கணும்?”